அம்பாசிடர் எஞ்சின்: அளந்த பிறகு அவிழுங்கள்

புகை விடுகிற, ஆயில் குடிக்கிற, மேட்டில் திணறுகிற பழைய அம்பாசிடரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: "எஞ்சினை இறக்கணும் சார், ஃபுல் வேலை." பல சமயம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் எதையும் அளக்காமல் சொல்லப்படுகிற தீர்ப்பு அது. அதை நம்பி எஞ்சினைக் கழற்றிப் பரப்பியபின், இன்னும் உழைக்கக்கூடிய பாகமும் தேய்ந்துபோன பாகமும் ஒரே பட்டியலில் ஏறிவிடும். குறைந்த செலவில் எஞ்சின் வேலை பார்க்க வேண்டுமென்றால் மலிவான பாகங்களைத் தேடி அலைவதால் பயன் குறைவு. எது தேயவில்லை என்பதை அளந்து உறுதிசெய்து, அதைத் தொடாமல் விட வேண்டும். மிச்சமாகும் பணம் அங்கேதான் இருக்கிறது.

இந்த இயலில் பேசப்போவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி மட்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை காரை அடிப்படையாக வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடரைத் தயாரித்தது. ஆரம்பத்தில் அதில் இருந்தது சைடு வால்வு எஞ்சின். சில ஆண்டுகளுக்குள் அதன் இடத்துக்கு பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வடிவத்தில் ஓடியதும் இதே 1489 குடும்பம்தான். பிந்தைய 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினும் டீசல் எஞ்சினும் வேறு சங்கதி; இங்குள்ள அளவுகளை அவற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், மூன்று மெயின் பேரிங், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. குறைந்த கம்ப்ரஷனில் நிதானமாக ஓடும் எஞ்சின் இது. வார்ப்பிரும்பு என்பதால் வெல்டு வைக்க முடியாதே என்று பயப்பட வேண்டாம். போர் அடிக்கலாம், ஸ்லீவ் போடலாம், ஃபேஸ் எடுக்கலாம். இத்தனை முறை மறுவாழ்வு கொடுக்கக்கூடிய எஞ்சின்கள் இன்றைய கார்களில் அதிகம் இல்லை.

இனி வரும் அளவுகளில் ‘தௌ’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் இன்றும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

முதலில் டியூனிங்

டியூனிங் சரியில்லாத எஞ்சினில் எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது. பிளக் இடைவெளி 25 தௌ, பாயின்ட் இடைவெளி 14 முதல் 16 தௌ. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் பாயின்ட்டை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால் த்ராட்டில் ஸ்பிண்டிலும் தேய்ந்திருக்கக்கூடும். ஐட்லிங்கில் ஸ்பிண்டில் முனையில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று இழுக்கிறது. ‘எஞ்சின் போச்சு’ என்று வந்த பல வண்டிகளின் தள்ளாட்டத்துக்கு இந்த ஸ்பிண்டில்தான் காரணமாக இருந்திருக்கிறது.

அடுத்தது டாப்பெட். இடைவெளி 15 தௌ. எஞ்சின் சூடாக இருக்க வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா என்பதை உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். முன்பக்கத்திலிருந்து எட்டு வால்வுகளுக்கும் 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் கால்மணி நேர வேலை.

இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனியுங்கள். ராக்கர் ஆர்மின் நுனி, வால்வு தண்டைத் தட்டித் தட்டிக் குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரு விளிம்புகளிலும் பாலம்போல் உட்காரும். தகட்டில் 15 தௌ என்று வந்தாலும் உண்மையான இடைவெளி 20-க்கு மேல் இருக்கும், டக் டக் சத்தம் நிற்காது. சத்தத்துக்குப் பயந்து இன்னும் இறுக்கினால் வால்வு சீட்டில் உட்காராமல் எரிந்துவிடும். ஹெட்டை எடுக்கும்போது ராக்கரைக் கழற்றி நுனியை லேசாகத் தீட்டித் தட்டையாக்குவதுதான் சரி. ராக்கரை மட்டும் தனியாகக் கழற்ற வேண்டாம்; காரணம் பின்னால் வருகிறது.

வாரம் ஒருமுறை டாப்பெட் இடைவெளி தானாகவே குறைகிறதா? அதுவும் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டுமா? அப்படியானால் சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் வடிவமைத்த ஹெட் இது. அந்த ஈயம் சீட்டுக்கு ஒரு காப்புப் படலம்போல் உதவியது. 2000-ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் ஈயமில்லா பெட்ரோல் வந்தபின் அந்தக் காப்பு போய்விட்டது. மெதுவாக ஓட்டுகிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்களுக்குத் தெரியும். இந்த அறிகுறியைக் குறித்துவையுங்கள். ஹெட் வேலைக்குப் போகும்போது தேவைப்படும்.

கம்ப்ரஷன் சொல்கிற கதை

வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மறந்தால் நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். முதல் அடியில் முள் எங்கே போகிறது, ஆறேழு அடிக்குப் பிறகு எங்கே நிற்கிறது என்று இரண்டையும் எழுதுங்கள். நல்ல ரிங் முதல் அடியிலேயே பெரும்பகுதியை எட்டிவிடும். தேய்ந்த ரிங் படிப்படியாக ஏறும்.

7.2-க்கு 1 என்ற குறைந்த கம்ப்ரஷன் எஞ்சினில் 120 பவுண்டு அருகில் வந்தால் திருப்தி. அந்த எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முக்கியம். 105, 108, 104, 106 என்று வந்தால் எஞ்சின் சீராக வயதாகியிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் ஓடும். 118, 72, 70, 116 என்று வந்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. நடுவில் ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் குபீரென்று ஏறினால் ரிங் அல்லது போர். அசையாமல் அதே இடத்தில் நின்றால் வால்வு. பட்டறைகளில் இந்தச் சோதனைக்கு யாரும் பொறுமை காட்டுவதில்லை. ஆனால் ஹெட் வேலையா, பிளாக் வேலையா என்ற பெரிய கேள்விக்கு இதைவிட மலிவான பதில் இல்லை.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் புகையைப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்தோ ஏலகிரியிலிருந்தோ நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே வந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது நீலப்புகை ஒரு பந்துபோல் வந்து மறைந்தால், ஆயில் வால்வு கைடு வழியாக இறங்குகிறது. மேட்டில் ஏறும்போது விடாமல் நீலமாகப் புகைந்தால் ரிங். இரண்டாவதை உறுதிசெய்ய, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். சிலிண்டரிலிருந்து கசிந்த வாயு அங்கே புஸ் புஸ்ஸென்று வெளியேறும்.

வால்வு வழியாகத்தான் ஆயில் இறங்குகிறது என்று தெரிந்தால், இந்த எஞ்சினில் வால்வு தண்டின் மேல்முனையில், காட்டருக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. சூட்டில் காய்ந்து கண்ணாடிபோல் நொறுங்கிவிடும். விலை அற்பம். வேறு எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் துளை வழியாகக் கயிறு திணித்து வால்வைத் தாங்கிப் பிடித்து இந்த வளையத்தை மாற்றுவார்கள். இங்கே அந்தக் குறுக்குவழி எடுபடாது. ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. ராக்கரைக் கழற்றினாலே ஹெட்டின் பிடி ஒரு பக்கம் தளர்ந்து, கேஸ்கெட் கெட்டுப்போகும். ஹெட் வளையவும் கூடும். எனவே ராக்கரைத் தொட வேண்டியிருந்தால் தண்ணீரை வடித்து, பதினொரு நட்டையும் வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஹெட்டையே எடுத்துவிடுங்கள். புது கேஸ்கெட்டும் வாங்கிவையுங்கள்.

ஆயில் பிரஷரும் அடிவயிற்றுச் சத்தமும்

டாஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம். ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, அரைமணி நேரம் ஓட்டியபின் பாருங்கள். ஓட்டத்தில் 50 பவுண்டை ஒட்டியும் சூடான ஐட்லிங்கில் 15 அளவிலும் இருந்தால் அடிப்பாகத்தைத் திறக்க அவசரமில்லை. குறைந்தாலும் உடனே பேரிங் என்று முடிவுகட்ட வேண்டாம். பிளாக்கின் இடப்பக்கம் பின்னால் குவிந்த தலையுள்ள ஒரு நட் இருக்கும். அதற்குள் ரிலீஃப் வால்வும் ஸ்ப்ரிங்கும். ஒரு துணுக்கு அழுக்கு அங்கே மாட்டிக்கொண்டாலே பிரஷர் பாதியாகும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கினால் ஆயில் தண்ணீராகி, நல்ல பேரிங்கையும் தின்றுவிடும். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் டயாஃப்ரங்களும் ஹோஸ்களும் சீக்கிரம் கெடுகின்றன. வயது தெரியாத ஹோஸ் எதையும் விட்டுவைக்க வேண்டாம்.

சத்தத்தைப் பிரித்தறிய ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரின் நெருப்பை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட். ஆறிய எஞ்சினில் தட்டி, சூடானதும் மறைவது பிஸ்டன் ஆட்டம். எரிச்சலூட்டுமே தவிர ஆபத்து குறைவு. மேட்டில் லோடு ஏறும்போது தொம் தொம்மென்று அடியிலிருந்து வந்தால் மெயின் பேரிங். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

கிளட்சை மிதிக்கும்போது முன்பக்க கிராங்க் புல்லியை ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் நடு மெயினில் இருக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அங்கே இருக்க வேண்டிய ஆட்டம் 2 முதல் 3 தௌ மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகு உங்கள் நோட்டில் ஒரு முடிவு தானாகவே எழும். கம்ப்ரஷன் சீராக இருந்து, பிரஷர் நன்றாக இருந்தால் டியூனிங்கோடு நிறுத்திவிடலாம். வால்வு மட்டும் கெட்டிருந்தால் ஹெட் வேலை. ரிங்கோ, பேரிங்கோ, இரண்டுமோ என்றால் மட்டும் செயின் பிளாக்கைக் கொண்டுவாருங்கள்.

கழற்றியபின் அளக்க வேண்டியவை

கழற்றும்போது ஒவ்வொரு புஷ் ராடையும் டாப்பெட்டையும் வந்த வரிசையிலேயே அட்டைத் துளைகளில் செருகிவையுங்கள். கேமும் டாப்பெட்டும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகிய ஜோடிகள். இடம் மாறினால் இரண்டும் கெடும். கனெக்டிங் ராடுகளின் பிக் எண்ட் சாய்வாகப் பிளக்கப்பட்டிருப்பதால் பிஸ்டனோடு மேல்வழியாகவே வெளிவரும். ராடிலும் கேப்பிலும் சிலிண்டர் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போல்ட்டைத் தொடுங்கள்.

பிஸ்டன் தலையில் என்ன பொறித்திருக்கிறது என்று கரியைச் சுரண்டிப் பாருங்கள். 20, 40 என்ற எண் இருந்தால் ஏற்கெனவே அந்த அளவுக்குப் போர் அடித்த எஞ்சின். எதுவும் இல்லையென்றால் ஸ்டாண்டர்டு.

போர் தேய்மானத்தை அளக்க டயல் கேஜ் இல்லையென்றால் ஒரு பிஸ்டன் ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை போருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராக அடிவரை தள்ளுங்கள். ரிங் பயணம் செய்யாத அந்த அடிப்பகுதி தேயாமல் இருக்கும். அங்கே ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். பிறகு மேலே, விரல் நகத்தில் தட்டுப்படும் விளிம்புக்குச் சற்றுக் கீழே அதே ரிங்கை நேராக வைத்து அளங்கள். அடியில் 14 தௌ, மேலே 33 தௌ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 19. அதை 3.14-ஆல் வகுத்தால் 6. அதாவது அந்த போர் மேல்பக்கம் ஏறத்தாழ 6 தௌ அகன்றிருக்கிறது.

இந்த முறை சராசரி விட்டத்தைத்தான் காட்டும். போர் முட்டைவடிவில் தேய்ந்திருப்பதைக் காட்டாது. ஆனால் லேத் பட்டறைக்குப் போகும் முன்பே உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். 4, 5 தௌ வரை என்றால் புது ரிங்கும் ஹோனிங்கும் போதும் என்பது என் கருத்து. 8-ஐத் தாண்டினால் போர் அடிப்பதே மரியாதை. அங்கே புது ரிங் போட்டுச் செலவைத் தள்ளிவைக்கிறவர் சீக்கிரமே மறுபடி அதே கேஸ்கெட் செட்டை வாங்குவார். இடையில் இருந்தால் வண்டி எவ்வளவு ஓடும் என்பதை வைத்து முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு 6 தௌ பெரிய குற்றமில்லை.

ரிங் மட்டும் மாற்றுவதாக இருந்தால் மேல் விளிம்பில் நிற்கும் அந்தப் படியை ரிட்ஜ் ரீமரால் வெட்டிவிட வேண்டும். புது ரிங்கின் கூர்விளிம்பு அதில் மோதி உடையும். புது ரிங்கின் இடைவெளியையும் போரின் அடியில் வைத்துப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு 8 முதல் 13 தௌ. பெட்டியிலிருந்து எடுத்ததும் சரியாக இருக்கும் என்று நம்பிப் போட வேண்டாம். இடைவெளி போதாத ரிங் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு போரைக் கீறிவிடும்.

கிராங்கில் மெயின் ஜர்னல் ஸ்டாண்டர்டு அளவில் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. மைக்ரோமீட்டரை ஒருமுறை நேராகவும் ஒருமுறை குறுக்காகவும் வையுங்கள். வித்தியாசம் 1 தௌவைத் தாண்டினால் கிரைண்டிங் தேவை. பேரிங் ஷெல்லில் சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் ஷெல்லின் ஆயுள் முடிந்தது. கிராங்கின் ஆயுளும் முடிந்ததாக அர்த்தமில்லை. ஜர்னல் வழவழப்பாகவும் அளவில் சரியாகவும் இருந்தால் அதே சைஸ் புது ஷெல் போட்டு மூடலாம். பிக் எண்ட் நான்கு மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் கிரைண்ட் செய்து, மெயினை விட்டுவிடலாம். ‘எல்லாத்தையும் ஒரே அளவுக்கு அடிச்சிடலாம்’ என்று கேட்காமலே அடித்துவிடுகிற பட்டறைகள் உண்டு. வேலைச் சீட்டில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

லேத் பட்டறையில்

பிஸ்டன் கைக்கு வரும்முன் பிளாக்கைப் போர் அடிக்கக் கொடுக்கவே கூடாது. உற்பத்தி 2014-இல் நின்றுவிட்ட வண்டி இது. ஒரு சைஸ் சந்தையில் கிடைக்காமல் போகலாம். இருபது ஓவர் அடித்துவிட்டு, நாற்பதுதான் கிடைக்கிறது என்று திரும்பவும் அடித்தால் பிளாக்கின் ஆயுளில் பாதி வீண். சென்னை ஜி.பி. ரோட்டிலும் கோவையிலும் பழைய இருப்பு வைத்திருக்கும் கடைகளில் முதலில் விசாரியுங்கள். சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், கோவையின் பைமெட்டல் பேரிங்ஸ் போன்ற நிறுவனங்களின் பழைய பெட்டி பிரிக்காமல் கிடைத்தால் விடாதீர்கள். பெட்டி மட்டும் பழசாக, உள்ளே வேறு சரக்கு இருப்பதும் உண்டு. மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, நாலு பிஸ்டனும் இருக்கு, நம்பர் போட்டிருக்கேன். ஒவ்வொரு போரையும் அதோட பிஸ்டனை அளந்து அடிங்க." நல்ல கைக்காரர் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார். "எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி, கொடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் அந்த இடத்தில் பிளாக்கை இறக்க வேண்டாம்.

நாற்பதும் முடிந்துபோன பிளாக் என்றால் ஸ்லீவ் போட்டு மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். ஒரே ஒரு போர் மட்டும் கீறல் விழுந்திருந்தால் அதற்கு மட்டும் ஸ்லீவ் போட்டு, மற்ற மூன்றின் அளவுக்கே அடிக்கலாம். நான்கு பிஸ்டன் வாங்குவதற்குப் பதில் ஒன்று போதும். புதுப்பேட்டையில் கிடைக்கும் வேறு பிளாக்கை வாங்கிப் போடுவது பார்வைக்கு மலிவு. ஆனால் எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உங்கள் பிளாக் உடையாதவரை அதையே காப்பாற்றுவதுதான் லாபம்.

ஹெட்டில் மூன்று வேலைகள். நேர்விளிம்புத் தகடு வைத்து வளைவைப் பாருங்கள். 3, 4 தௌ அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் ஃபேசிங், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். இரண்டாவது, விரிசல். நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்டும் ஒரே வழியாக வெளியேறுவதால் அந்த இடத்தில்தான் சூடு அதிகம், விரிசலும் அங்கேதான் விழும். பிரஷர் டெஸ்ட் செய்யும் இடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். விரிசல் விழுந்த ஹெட்டுக்குப் புது வால்வு போடுவதுபோல் வீண்செலவு வேறில்லை. மூன்றாவது, முன்பே சொன்ன சீட் புதைவு இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் நான்குக்கு மட்டும் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள். இன்டேக் பக்கம் தேவையில்லை. லேப்பிங் முடிந்ததும் வால்வுகளை மாட்டி, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கசியாமல் நின்றால் ஹெட் தயார்.

தண்ணீர் வழியை யாரும் கண்டுகொள்வதில்லை. நம் ஊர் போர்வெல் தண்ணீரையே ஆண்டுக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றிய பிளாக்கின் உள்ளே, பின்பக்க சிலிண்டர்களைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்புப் படிவமும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பிளாக் பட்டறையில் இருக்கும்போதே பக்கவாட்டு டம்மிகளைத் தட்டி எடுத்து, கம்பியால் குத்திக் கிளறி வெளியேற்றுங்கள். புது டம்மிகளின் விலை மிகக் குறைவு. இதைச் செய்யாமல் புது பிஸ்டன் போட்ட எஞ்சின், முதல் கோடையிலேயே கொதிக்கும்.

பணம் போதவில்லையென்றால் எதை விடுவது? பெயின்ட், பாலிஷ், எலெக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் பிறகு. ஆயில் பம்ப், த்ரஸ்ட் வாஷர், நல்ல கேஸ்கெட் செட், பிக் எண்ட் போல்ட்டுகளின் லாக் தகடு ஆகியவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மூடுவதும் முதல் ஓட்டமும்

லேத்திலிருந்து வந்த பிளாக் ‘கழுவியாச்சு’ என்று சொன்னாலும் நீங்களே கழுவுங்கள். வெந்நீர், சோப்புத்தூள், பாட்டில் பிரஷ். ஹோனிங் கல்லின் துகள் பெட்ரோலிலோ டீசலிலோ போகாது; சோப்புத் தண்ணீரில்தான் போகும். கழுவித் துடைத்தபின் ஆயிலில் நனைத்த வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டுகிறவரை வேலை முடியவில்லை. பிளாக்கின் ஆயில் வழிகளையும், கிரைண்ட் செய்த கிராங்கின் துளைகளையும் இதேபோல் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, உடனே ஆயில் தடவுங்கள். ஈரப் போர் ஒரு மணி நேரத்திலேயே துரு பிடிக்கும்.

பேரிங், டாப்பெட், கேம் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஆயில் பூசி மாட்டுங்கள். ஒவ்வொரு மெயின் கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். எந்தக் கேப்பை இறுக்கியதும் கனமாகிறதோ, அங்கே தவறு இருக்கிறது; அதைத் தீர்க்காமல் அடுத்ததுக்குப் போக வேண்டாம். ரிங் இடைவெளிகள் ஒரே கோட்டில் வராமல் பிரித்து வையுங்கள். டைமிங் சக்கரங்களின் குறிகள் எதிரெதிரே சந்திக்கின்றனவா என்று பார்த்தபின் செயின் கவரை மூடுங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சில், ஒரே மூச்சில் அல்லாமல் படிப்படியாக இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும்முன் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் தெரியும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிரஷர் வராமல் பற்றவைக்க வேண்டாம். புது கேமும் டாப்பெட்டும் போட்டிருந்தால் எஞ்சின் பிடித்த கணத்திலிருந்து இருபது நிமிடம் 1,500-க்கும் 2,000-க்கும் இடைப்பட்ட வேகத்தில் வைத்திருங்கள். ஐட்லிங்கில் விட்டால் கேமுக்கு ஆயில் தெறிப்பது போதாமல் முனை வழித்துவிடும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு எஞ்சினைத் திணற விடாமலும், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமலும் பாருங்கள். அவ்வப்போது நன்றாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து விடுவது ரிங் உட்கார உதவும். பொத்திப் பொத்தி ஓட்டினால் போர் வழவழத்துப்போய் ரிங் உட்காராமலே நின்றுவிடும். 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டாப்பெட்டைச் சரிபாருங்கள். ஹெட் இறுகினால் டாப்பெட் இடைவெளி மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, ராத்திரி நிறுத்திய இடத்தில் பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஓரிரு சொட்டு ஆயில் தெரிந்தால் பதற வேண்டாம். இந்த எஞ்சினின் கிராங்கில் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் ஒரு திருகுமரை மட்டுமே இருக்கிறது. எஞ்சின் நின்றபின் அது எதையும் தடுக்காது. சொட்டு கூடிக்கொண்டே போனால் முதலில் டாப்பெட் கவரிலிருந்து வரும் பிரீத்தர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைப் பின்வழியாக வெளியே தள்ளும். குழாயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி தரையைப் பாருங்கள்.